பை இல்லாத அங்கி

அந்த ஆய்வுக்கூடத்தின் உள்ளறைக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கிகளுக்குப் பை கிடையாது. கடையிலிருந்து வந்தபோது இருந்தன. ஒருத்தி அவற்றை மொத்தமாக வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு பையின் வாயையும் இரட்டைத் தையல் போட்டு அடைத்துக் கொண்டுவந்தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பேனாவைச் செருகப் பார்த்து, விரலை இடித்துக்கொண்டு, "இது என்ன கூத்து?" என்று கேட்பதுண்டு. பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டு அப்பால் போய்விடுவார்கள். தைத்தவளிடம் கேட்கும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை. அது கோபத்தில் போட்ட தையல். நூல் நைந்தாலும் கோபம் நையவில்லை என்பதால் ஆண்டுதோறும் அவளே பிரித்து மறுபடி தைக்கிறாள்.

அவளுக்கு வீட்டில் விழுந்த பெயர் கடுகு. ஆள் சிறுத்திருந்ததால் வந்த பெயர் என்று அவளுடைய அம்மா சொல்வார். சூடு பட்ட மாத்திரத்தில் வெடிப்பதால் வந்தது என்று அண்ணன்மார் சொல்வார்கள். இரண்டாவது கூற்றுக்கே சாட்சிகள் அதிகம். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கோட்டுக்கு முன்னால் கால் வைத்து ஓடியவளுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள் என்று, தனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசை மேடையிலேயே திருப்பி வைத்துவிட்டு இறங்கியவள் அவள். கோட்டுக்கு முன்னால் கால் வைத்தவள் அவளுடைய உயிர்த்தோழி. அதற்குப் பிறகு அந்த இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் செல் வளர்க்கும் வேலைக்கு வந்தாள். வேலை கற்றுக்கொடுத்தவள் அங்கே உள்ளறை வருவதற்கு முன்பே இருந்த பழைய அறையின் மூத்த கை. அவளைக் கடுகு முதலில் அக்கா என்று கூப்பிட்டாள், பிறகு அண்ணி என்று. அந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு பேருந்து. மூத்தவளின் தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் கடுகு ஒரு காலைப் படியில் வைத்ததுமே வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் போட்ட கூச்சலில் பின்சீட்டுப் பயணிகள்கூட எழுந்து நின்றார்கள். அவன் வண்டியை நிறுத்தி, இருக்கையை விட்டு இறங்கி வந்து, "ஏறுங்கம்மா. இனிமே உங்க ரெண்டு காலையும் எண்ணிட்டுத்தான் கிளம்புவேன்" என்றான். அவன் எண்ணினான், தினமும் எண்ணினான், கல்யாணத்தில் போய் முடிந்தது. "என் தம்பி வாழ்க்கையில பாத்த ஒரே விபத்து இதுதான்" என்று மூத்தவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் பாம்பும் கீரியும் என்பார்கள். இவர்கள் அப்படி இருக்கவில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரையில்.

பழைய அறையின் வேலை முறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சை முடிந்தபின் மிஞ்சிய, ஊசிமுனை அளவுகூட இல்லாத கருவைச் சில தம்பதிகள் ஆராய்ச்சிக்கு மனமுவந்து கொடுத்துவிடுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள் கண்ணாகவும் வளரும், எலும்பாகவும் வளரும். ஆனால் வெறும் தட்டில் வாழாது. அதனால் பழைய அறையில் தட்டின் அடியில் எலியின் செல்களை மெத்தையாக விரிப்பார்கள். கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை ஊட்டுவார்கள். பன்றியின் கணையத்து நொதியால் பிரித்தெடுப்பார்கள். ஒரு மனிதச் செல்லை வளர்க்க ஒரு தொழுவமே வேலை செய்யும். ஆராய்ச்சிக்கு அது போதும், மனித உடம்புக்குள் வைக்க ஆகாது. கன்றின் நீரில் வளர்ந்த செல், கன்றின் உடம்பில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை வாங்கித் தன் மேல்தோலில் பூசிக்கொள்ளும். இரவல் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தவனை நாய் குதறுவது போல, அந்தச் செல்லை நம் உடம்பின் காவல் குதறக்கூடும். இதற்கு மேல், அந்த விலங்குக்கு என்ன நோய் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஓட்டுநரின் கண்ணில் கோளாறு தொடங்கியபோது அவர்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். சாலையின் நடுவே ஒரு புகைப்பொட்டு நிற்பதாகச் சொன்னான். பிறகு அந்தப் பொட்டு எங்கே பார்த்தாலும் கூடவே வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி உதிர்ந்துகொண்டிருப்பதாக மருத்துவர் சொன்னார். வண்டியிலிருந்து இறக்கிப் பணிமனையில் அறிவிப்புச் சொல்லும் வேலைக்குப் போட்டார்கள். ஓரங்கள் அவனுக்குத் தெரியும், நடுவில்தான் ஒன்றுமில்லை. அதனால் யாரையேனும் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வான். தெரியாதவர்கள் அலட்சியம் என்று நினைப்பார்கள். "நேரா பாத்தா நீ காணாமப் போயிடற கடுகு. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் கெடைக்கற. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வசதி இல்லாமப் போச்சு" என்பான்.

கண் மருத்துவமனை ஒன்று, ஸ்டெம் செல்லிலிருந்து விழித்திரையின் பின்படலத்தை வளர்த்து, அதைச் சில நோயாளிகளின் கண்ணில் வைத்துப் பார்க்க முன்வந்தது. முதல் சுற்றுக்கான பட்டியலில் ஓட்டுநர் இருந்தான். மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: படலம் ஒட்டிக்கொள்ள உயிருள்ள இடம் வேண்டும், அவன் கண்ணில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது, அடுத்த சுற்று வரை தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மருத்துவமனை கேட்டது ஒன்றே ஒன்று. தட்டில் விழுந்த நாளிலிருந்து விலங்கின் வாடையே படாத செல் வேண்டும்.

அதற்காகத்தான் உள்ளறை வந்தது. அதை ஏற்றுக்கொண்டவள் கடுகு. எலி மெத்தைக்குப் பதிலாக ஆய்வகத்தில் உருவாக்கிய மனிதப் புரதத்தைத் தட்டில் பூசினாள். நொதிக்குப் பதில் ஒரு உப்புக் கரைசல். உணவோ பெயர் தெரிந்த சில பொருள்கள் மட்டும் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீர். செல்கள் முதலில் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிறகு ஒட்டியும் ஒட்டாமலும் பிழைத்தன. மெலிந்து, ஓரம் பிசிறி, எந்த நேரமும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடப் போகும் விருந்தாளிகளைப் போலத் தட்டில் உட்கார்ந்திருந்தன. "பத்தியப் பிள்ளைங்க" என்று அண்ணி கேலி செய்வாள். "உப்புமில்ல, புளியுமில்ல. பாவம், என் கையில இருந்தா கொழுகொழுன்னு வளர்த்திருப்பேன்."

"அந்தக் கையை அந்தப் பக்கமே வச்சுக்குங்க அண்ணி" என்பாள் கடுகு. இருவரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிக்கத்தக்க பேச்சாக இருந்தது.

மருத்துவமனைக்குச் செல்களை அனுப்பும் நாள் நெருங்கியபோது, வேறு ஊரில் இருந்த கடுகின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கடுகு போயே ஆக வேண்டும். உள்ளறை முறைகளை அறிந்த இன்னொரு கை அந்தக் கட்டடத்தில் அண்ணி மட்டுமே. தண்ணீரை மாற்ற வேண்டிய விதத்தைச் சொல்லி, தொடக்கூடாதவற்றைச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை நுண்நோக்கியில் கண் வைத்தவளுக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. செல்கள் அவ்வளவு அழகாக இருந்தன. ஓரங்கள் வழுவழுத்து, தட்டை இறுகப் பிடித்து, தட்டு முழுக்கப் படர்ந்திருந்தன. அந்த மகிழ்ச்சி ஒரு மூச்சு நேரம் நின்றது. பத்தியம் இருந்த பிள்ளை பாட்டி வீட்டிலிருந்து பளபளவென்று திரும்பினால், பெற்றவள் மகிழ்வதற்கு முன் வாயைத் திறந்து பார்ப்பாள் அல்லவா? கடுகு தட்டிலிருந்து தண்ணீரைக் குழாயில் உறிஞ்சி மறுபடி ஊதினாள். அவளுடைய தண்ணீர் நுரைக்காது. நுரைத்தாலும் உடனே அடங்கிவிடும். இது நுரைத்தது. கன்றின் தெளிநீர் கலந்த தண்ணீரில் நிற்பது போல நுரை நின்றது. அடுத்த தட்டிலும் நின்றது. எல்லாத் தட்டுகளிலும்.

பழைய அறைக் கதவை அவள் திறந்த சத்தத்துக்கே அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவிவிட்டார்கள். அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, என் தட்டுல என்ன ஊத்துனீங்க?"

"வந்ததும் வராததுமா என்ன இது? அம்மா எப்படி இருக்காங்க?"

"என்ன ஊத்துனீங்கன்னு கேட்டேன். நுரை நிக்குது."

அண்ணி கையுறையை மெதுவாகக் கழற்றினாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "கொஞ்சம்தான்."

"கன்னுக்குட்டியோடதா?"

"பின்னே என்னோடதா? வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன், எல்லாம் தட்டை விட்டுக் கழண்டு மிதக்குது. பூசற புரதம் கெட்டுப்போச்சு போல. நீ ஆஸ்பத்திரில உங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்கே. போன் போட்டா என்ன செய்வே? அழுவே. நான் அழற நேரத்துல வேலையைப் பாத்தேன். ஊத்துனேன், ஒட்டிக்கிச்சு. பொழைச்சுது இல்ல?"

"செத்திருந்தா செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாம். இப்ப பொழைச்சுச் செத்துப் போச்சு. எப்படி உள்ளே கொண்டுபோனீங்க?"

அண்ணியின் கை தன்னையறியாமல் அங்கியின் பக்கவாட்டுப் பைக்குப் போய்த் திரும்பியது.

"பாக்கெட்டுலயா? கடலை கொண்டுபோற மாதிரியா?"

"வாயை அடக்கிப் பேசுடி. கன்னுக்குட்டி ரத்தத்துலதான் நானும் நீயும் இத்தனை வருஷம் சோறு தின்னோம். நாலு தடவை பிரிச்சு உன் பத்தியத் தண்ணியில வளர்த்தா எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்."

"சர்க்கரை போகும். அந்தக் கன்னுக்குட்டிக்கு என்ன நோய் இருந்துச்சு, அது போச்சான்னு யார் சொல்றது?"

"போகலைன்னு யார் சொல்றது?"

பதில் இல்லாத கேள்வியைப் போல ஆத்திரமூட்டுவது வேறொன்றும் இல்லை. கடுகு மேசையை அறைந்தாள். அண்ணி எழுந்து நின்றாள்.

"அது என் தம்பி கண்ணுடி. அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். இந்தச் சுத்துப் போச்சுன்னா அவனுக்கு அடுத்த சுத்து இல்ல. உனக்கு எப்படி மனசு வருது?"

"என் புருஷன் கண்ணுல இதை வைக்கலாம்னு உங்களுக்கு எப்படி வந்துச்சு? அவர் பின்னாடி பட்டியல்ல இன்னும் எத்தனை பேர் நிக்கறாங்க? அவங்களுக்கெல்லாம் அக்கா இல்லையா?"

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"புத்தி இருக்கறவங்க செஞ்ச வேலையைத்தான் பாத்துட்டு வந்தேனே."

இயக்குநரிடம் போனாள். எதைச் சொன்னாலும் "நல்லது, நல்லது" என்று தொடங்குபவர் என்பதால் கட்டடம் முழுவதும் அவருக்கு அதுவே பெயர். அன்றும் அப்படித்தான் தொடங்கினார்.

"நல்லதும்மா. என்கிட்ட முதல்ல வந்தது நல்லது. வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லணும் சார். ஆஸ்பத்திரிக்கு."

"அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் பார்வையிட வர்றாங்க. வந்து போகட்டும். சுத்தமான தண்ணில கொஞ்ச நாள் வளர்ப்போம். இதையெல்லாம் சோதிச்சுப் பாக்க அவங்ககிட்ட ஏற்பாடே கிடையாது. நம்ம வார்த்தையைத்தான் எடுத்துக்கறாங்க."

"அதனாலதான் சார் சொல்லணும்."

"உங்க வீட்டுக்காரரும் பட்டியல்ல இருக்கார் இல்ல? யோசிச்சுப் பாருங்க. கண்ணை வித்துச் சித்திரம் வாங்குவாங்களா?"

அவளுக்குள் எதுவோ முறிந்தது அந்தப் பழமொழியில்தான். தன் கணவனின் கண்ணை இன்னொருவர் பேரத்துக்கு எடுத்து மேசைமேல் வைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பழமொழியை அதற்குப் பின் அவள் முன்னால் யாரும் சொன்னதில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

"நல்லது சார்" என்றாள். அவருடைய சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். கிருமிகொல்லும் பிளீச்சிங் கரைசலை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்து, மஞ்சளித்து, கடைசியில் வெறும் தண்ணீராகத் தெளிந்தது. அழவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவு வைத்தாள்: அண்ணிக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒன்று, புரதத்தைக் கெட்டுப்போக விட்டவனுக்கு ஒன்று, வழுக்கிய குளியலறைத் தரைக்கு ஒன்று. பிறகு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். முதல் சுற்று தள்ளிப் போடப்படும் என்றார்கள்.

அவள் வீட்டுக்குப் போவதற்குள் அண்ணி போய்விட்டுத் திரும்பியிருந்தாள். ஓட்டுநர் மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சுருக்கத்தைக் கையால் தடவித் தேடி, தேடிய இடத்தில் பெட்டியை வைப்பது அவன் வழக்கம்.

"அக்கா வந்துட்டுப் போனா."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணாத்தான் இருக்கும். கொன்னுட்டியா?"

"கொன்னுட்டேன்."

"எப்போ?"

"மத்தியானம்."

"அக்கா எப்போ ஊத்தினா?"

"வெள்ளிக்கிழமை."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "வெள்ளிக்கிழமைல இருந்து இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் என் போன் என் பையிலதான் இருந்துச்சு. அக்காவும் அடிக்கல, நீயும் அடிக்கல."

"ஏங்க, அதுல உங்களைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு? விதிமுறைன்னா விதிமுறைதான். கன்னுக்குட்டி பட்டதை..."

"விதிமுறை உன்னோடது. பாசம் அவளோடது. கண்ணு யாரோடதுடி?" குரல் உயர்ந்தது. அவன் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். "ஒருத்தி எனக்குத் தெரியாம என் கண்ணுல வைக்கப் பாத்தா. இன்னொருத்தி எனக்குத் தெரியாம எடுத்துக் கொட்டிட்டா. நடுவுல நான் யாரு? பஸ்ஸுல மறந்துட்டுப் போன குடையா?"

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"கேக்க வேண்டிய நேரத்துல கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப சொல்ல மாட்டேன். நீயும் அவளும் யோசிச்சுக்கிட்டே கிடங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பாமல் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் அவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அப்படிப் பார்க்கும்போது அவனுக்கு அவள் இல்லை.

மறுநாள் மாலை அவள் அங்கிகளை மூட்டை கட்டி எடுத்துவந்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். கணவனிடம் காட்ட முடியாத கோபத்தை மிதிபலகையில் காட்டினாள். ஊசி இருமுறை ஒடிந்தது.

விசாரணை வந்தது. அனுமதியில்லாமல் செல்களை அழித்த குற்றத்துக்கு அவளை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். அண்ணி அழைக்காமலேயே உள்ளே போய், "ஊத்தினது நான். மறைக்கச் சொன்னது நம்ம நல்லது சார். யாரை அனுப்பறதுன்னு இப்ப முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரையும் அனுப்பவில்லை. கடுகு நன்றி சொல்லப் போனபோது, "உனக்காகச் சொல்லலை. விசாரணையில நீ என்னைக் காட்டிக் கொடுக்கற சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க மனசில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொடக்கத்திலேயே உறையவைத்திருந்த சுத்தமான குப்பிகள் சில இருந்தன. கடுகு அவற்றை உருக்கினாள். பெரும்பாலானவை எழவில்லை. ஒரு குப்பியில் ஓரம் பிசிறிய, மெலிந்த, கோபக்காரக் கொத்து ஒன்று எழுந்தது. அதிலிருந்து மறுபடி எல்லாம். அவை வளர்ந்து, சோதனைகளைத் தாண்டி, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநரைப் பரிசோதித்தார்கள். படலம் ஒட்டுவதற்கு அவன் கண்ணில் இடம் மிஞ்சியிருக்கவில்லை. செல்கள் வேறு யாருக்கோ போயின. யாருக்கு என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். அவள் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகளாக அந்த உள்ளறை அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. நுழைகிறவர்கள் கைகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் நுழைகிறார்கள்.

அண்ணி ஓய்வு பெற்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைப் பார்க்க வருகிறாள். வந்து உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு சாக்கில் பேச்சு அங்கே போய்விடும்.

"உன் நேர்மை என் தம்பி கண்ணைத் தின்னுடுச்சு."

"உங்க பாசம்தான் தின்னுச்சு. நான் எச்சில் தட்டைக் கழுவினேன்."

"கழுவினாளாம்! கூடத்துல நாலு பேர் கையை விரிச்சுக் காட்டிட்டு நடக்கறாங்கன்னு நீ பெருமைப்படறே, என் தம்பி சுவரைப் பிடிச்சுட்டு நடக்கறான்."

"சுவரைப் பிடிச்சாவது நடக்கறாரு. உங்க கன்னுக்குட்டி உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

அவன் இருவருக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவள் பக்கமும் திரும்புவதில்லை, இவள் பக்கமும் திரும்புவதில்லை. எதிர்ச்சுவரில் ஒன்றுமில்லாத ஒரு இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மகள் எரிச்சலோடு கேட்டாள்: "அப்பா, ரெண்டு பேரும் உங்களைப் பத்தித்தான் அடிச்சுக்கறாங்க. நீங்க பாட்டுக்குச் சுவரைப் பாத்துட்டிருக்கீங்க?"

"சுவரைப் பாத்தாத்தான்டா ரெண்டு பேரும் தெரியறாங்க" என்றான். "இந்த ஓரத்துல ஒருத்தி, அந்த ஓரத்துல ஒருத்தி."

அண்ணியும் கடுகும் ஒருசேர வாயை மூடினார்கள். அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"என்ன, நிறுத்திட்டீங்க?" என்றான் அவன். "சண்டை போடுங்க. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."